ஒரு கிளாத்தி, ஏழு குரோமிஸ்

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கேயும் போவதில்லை, உள்ளேயே கிடக்கிறது. உங்கள் கான்ஸ்டபிள் மூலையில் இருந்த கடல்தண்ணீர் கேனைத் தூக்கியபோது நான் தடுத்தது இதற்காகத்தான், மேடம். எதையும் மறைப்பதற்காக இல்லை. அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினீர்களே, நல்ல காரியம். படித்த பையன் மாதிரித்தான் தெரிகிறார். படிப்பு பாவம், அதனால் முடிந்ததைத்தான் செய்யும்.

நீங்கள் வந்தது ஒரு கையெழுத்துக்காக. என் தம்பி ஹரிகிருஷ்ணன் இந்தத் தொட்டியில் கை வைத்துச் செத்துப்போன அன்று, வீட்டுக்காரர் ரோஜே ஃப்யூஸ் போர்டு பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன் என்று நான் வாயால் சொல்லியிருந்தேன். அதை டைப் செய்து கொண்டு வந்திருக்கிறீர்கள். போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். பேனா மூடியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. அப்போது தொட்டியைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள்.

"இவ்ளோ பெரிய தொட்டில ஒரே ஒரு மீன்தானா சார்? மத்தத எல்லாம் கேஸ்ல வர்ற அந்தக் கிளாத்தி மீனு தின்னுடுச்சா?"

கிளாத்தி தின்னவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், மழைக்கு முன்னால் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஆனால் எல்லோரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ரோஜேவுடையது, ஒரு கால் ஆடும். அவரிடம் இருந்த எல்லாமே அப்படித்தான், ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், கேட்டால் பிரான்சிலிருந்து வந்தது என்பார்.

ரோஜேவைப் பற்றி நெல்லித்தோப்பு முழுக்க உங்களிடம் சொல்லியிருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. கீழ்த்தளத்தில் அவர், மாடியில் வாடகைக்கு நாங்கள். வாசலுக்கு முன்னால் தார்ச்சாலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சைக்கிள் சக்கரம் பட்டால் போதும், பனியனோடு வெளியே வருவார். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள், தண்ணி கேன் வண்டி, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கார் என்று ஒருவரையும் விட்டதில்லை. ராஜ்ஜியத்தைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. ராஜ்ஜியம் என்பது ஒரு சாக்கடை மூடியும் இரண்டு குரோட்டன் செடித் தொட்டியும்தான்.

எங்களைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்லும்போது குரலே மாறியிருக்கும். மூன்று அண்ணன் தம்பிகள். நான் நாராயணசாமி, மூத்தவன். அடுத்தவன் வெற்றிச்செல்வன். கடைசி ஹரி. கிராமத்து நிலத்தை விட்டு டவுனுக்கு வந்து, மூன்று பேரும் சேர்ந்து ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும் கடை வைத்தோம். 'த்ரீ பிரதர்ஸ் யூனிஃபார்ம்ஸ்.' ஒரே கல்லாப்பெட்டி, ஒரே அடுப்பு. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துச் செக் துணியில் மிச்சம் விழும். அதில் எங்கள் மூன்று பேருக்கும், வெற்றியின் பையன்களுக்கும் சட்டை தைத்துக்கொள்வோம். வீராம்பட்டினம் தேருக்கு ஒரே வேனில், ஒரே சட்டையில் போய் இறங்குவோம். தேர் பார்க்க வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒத்துமைன்னா நாராயணசாமி வூட்ட பாருங்கடா," என்று இந்தத் தெருவில் சொல்லாதவர் இல்லை. அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த அண்ணன் வீட்டுக் கதவு என்ன நிறம் என்பதே மறந்திருக்கும்.

ரோஜே ஒருவர்தான் சிரிப்பார். நாங்கள் கடைக்குக் கிளம்பினால் வாசலில் நின்று கைதட்டுவார்.

"அலே! அலே! மந்தை கெளம்பிடுச்சு. முசியே நாராயணசாமி, முன்னாடி போற நீ பள்ளத்துல எறங்கினா பின்னாடி வர்ற ரெண்டும் கேக்காம எறங்கும் போலக்கீதே!"

வெற்றி அசடு வழிவான். ஹரி உண்மையாகவே சிரிப்பான். நான் நடந்துகொண்டே இருப்பேன். சத்தம் போடுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை.

இந்தத் தொட்டி ரோஜேவுடைய பைத்தியம். ஆறடி நீளம். கரையோரத் தண்ணீர் சேறு என்று, வீராம்பட்டினத்து மீனவர் அம்மாவாசையின் படகில் தூரம் போய், தெளிந்த தண்ணீராகக் கேனில் பிடித்து வரச் சொல்லுவார். அம்மாவாசையின் வலையில்தான் அந்தக் கிளாத்தியும் வந்தது. கையகலம் இருக்கும். பலகை மாதிரி உடம்பு, முகத்தில் பாதி வாய். தொட்டியின் இடது மூலையில் இருந்த பாறையைத் தனதாக்கிக்கொண்டது. அந்தப் பக்கம் கை போனால் கடிக்கும். ரோஜேவின் கட்டைவிரலில் தழும்பே உண்டு. அதைப் பதக்கம் மாதிரி காட்டுவார். அவரும் அதுவும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கூடவே ஏழு குரோமிஸ். சென்னை கொளத்தூரில் வாங்கியது. விரல் நீளம், பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். ஏழும் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும். பார்க்க வருகிறவர்கள் கிளாத்தியைப் பார்த்துப் பயந்துவிட்டு, குரோமிஸைப் பார்த்து மனம் குளிர்ந்துபோவார்கள். "அய்யோ, எவ்ளோ அழகா சேந்து போவுது பாரு!" சேர்ந்து போகிற எதைப் பார்த்தாலும் ஜனங்களுக்கு அறிவு மயங்கிவிடுகிறது.

எல்லை பிடிக்கிற மீனையும் கூட்டமாகப் போகிற மீனையும் ஒரே தண்ணீரில் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தை முதலில் விட வேண்டும். எல்லைக்காரனைக் கடைசியில் விட வேண்டும். விடுவதற்கு முன் பாறைகளை மாற்றி அடுக்க வேண்டும். துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அவனை அடைத்து, பெட்டியோடு தொட்டிக்குள் சில நாள் தொங்கவிட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சலித்த பிறகு திறந்துவிட வேண்டும். ரோஜே இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஹரி கூடவே நின்று செய்தான். கடை மூடியதும் அவன் நேராக இங்கேதான் வருவான். மாடியில் அவனை யாரும் தேடியதில்லை.

கொஞ்ச நாளில் ஏழு ஆறாயிற்று. பிறகு ஐந்து.

"கிளாத்திதான் முசியே. வேற யாரு?" என்றான் ஹரி.

"என் கிளாத்திய சொல்லாத. அவன் ஜெந்தில்மேன். கடிச்சா மூஞ்சிக்கு நேரா கடிப்பான்," என்றார் ரோஜே. ஆனால் முகத்தில் சந்தேகம் இருந்தது. மறுநாள் கிளாத்தியை மறுபடி அந்தத் துளைப்பெட்டிக்குள் அடைத்தார்.

கிளாத்தி பெட்டிக்குள் இருக்கும்போதே ஐந்து நான்காயிற்று. இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா, மேடம்? ஆனால் இரண்டு பேரும் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? முன்பே கடிபட்டது இப்போது செத்திருக்கிறது என்றார்கள். கிளாத்தியை மறுபடி திறந்துவிட்டார்கள். பிறகு நான்கு மூன்றாயிற்று, அந்தப் பழியும் அதன் மேல்தான். ஒருவர் மேல் பழி போட்டுப் பழகிவிட்டால், அதை எடுத்து இன்னொருவர் மேல் போடுவதற்கு மூளை தேவைப்படுகிறது.

நான் பார்த்தேன். கோடையில் மாடி கொதிக்கும். கீழே இந்த ஹால்தான் குளுமை. நான் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பேப்பரில் ஒன்றும் இருக்காது, தொட்டியைப் பார்ப்பேன். குரோமிஸில் பெரியதாக ஒன்று உண்டு. இப்போது நீங்கள் பார்க்கிறீர்களே, இதுதான். இது யாரையும் துரத்தாது. வாயைத் திறந்து பயமுறுத்தாது. கூட்டத்தின் கடைசியில் நிற்கிற சின்னதின் பக்கத்தில் போகும், வாலோரத்தில் ஒரு கொத்துக் கொத்தும். அவ்வளவுதான். சின்னது கொஞ்சம் தள்ளி நிற்கும். தீனி போடும்போது, அந்தத் தள்ளி நின்ற தூரத்தால் அதற்குத் துகள் எட்டாது. மறுநாள் இன்னொரு கொத்து. துடுப்பு நைந்துபோகும். மற்ற மீன்கள் அதைக் கண்டுகொள்ளாது. ஏழும் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும். வந்தவர்கள் அழகு என்பார்கள். ஒருநாள் காலையில் பாறை இடுக்கில் சின்னது கிடக்கும். அன்றைக்கே அடுத்த சின்னது எது என்று பெரியதற்குத் தெரிந்துவிடும்.

கோபமே கிடையாது அதில். அதுதான் எனக்குப் பிடித்தது.

ரோஜேவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஹரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் போட்டோவில்தான் பார்த்திருப்பீர்கள். மெதுவான ஆள். முட்டாள் என்று சொல்ல மாட்டேன், அதற்கும் ஒரு வேகம் வேண்டும். அவன் தைத்த பட்டன் காஜா நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் முன்னால், "இவன் அளவெடுத்தா நான் மறுபடி எடுக்கணும்ப்பா," என்று நான் சொல்வது வழக்கம். அவனைப் பணிவாக வைத்திருப்பதற்காகச் சொன்னது. அவனுடைய மெஷினைக் கடையின் பின்பக்கம் கக்கூஸ் கதவோரம் போட்டதும் அப்படித்தான். இடம் இல்லாமல் இல்லை. எல்லோருக்கும் நல்ல இடம் கொடுத்தால் யாருக்கும் அதன் மதிப்புத் தெரியாது.

வீட்டில் அவன் கடைசியாகச் சாப்பிடுவான். யாரும் உத்தரவு போடவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

கல்யாணமும் ஆகவில்லை. நான்கு இடத்தில் பெண் பார்த்தோம். நான்கு பெண் வீட்டுக்கும் பிறகு நான் தனியாகப் போனேன். "பையன் நல்ல பையன்தான், கொஞ்சம் மெதுவு. நாளைக்கு எங்களைச் சொல்லக்கூடாது பாருங்க," என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே? அவர்களே விலகிக்கொண்டார்கள். ஒரு பெண் புதிதாக உள்ளே வந்தால் முதலில் கேட்பது தனி அடுப்பு. என் மனைவி சுலோசனாவே வந்த புதிதில் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

அப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய குடும்பத்தில், ஆனி மாதத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது ஹரி வாயைத் திறந்தான்.

"ண்ணா, ஒரு விஷயம்."

"சொல்லு."

"வீராம்பட்டினத்துல ஒரு வூடு பாத்திருக்கேன். மாலா இருக்கில்ல, அம்மாவாசை தங்கச்சி... ஆவணில ரெஜிஸ்டர் பண்ணிக்கிலாம்னு இருக்கோம்."

வெற்றி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "அப்போ கடை?"

"நீங்க ரெண்டு பேரு இருக்கீங்களேண்ணா. நானும் முசியேவும் சேந்து ஓட்டலுக்கெல்லாம் மீன் தொட்டி வெச்சிக் குடுக்கப் போறோம். பீச் பக்கம் மூணு ஓட்டல்ல கேட்டிருக்காங்க. முசியே கத்துக் குடுத்துட்டாரு, எனக்கு வரும்ண்ணா."

"எனக்கு வரும்" என்று அவன் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. முகத்தில் ஏதோ வெளிச்சம் மாதிரி இருந்தது. அசிங்கமாக இருந்தது.

சுலோசனா அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். "மாலா நல்ல பொண்ணுடா. நல்லா இரு," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தோசைக்கல்லின் புகையாக இருக்கும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நல்ல விஷயம்தானே," என்றேன். அன்றைக்கு நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். கடை போர்டு. 'த்ரீ பிரதர்ஸ்.' ஒருவன் போய்விட்டால் என்ன செய்வது? டூ பிரதர்ஸ் என்று யாராவது கடைக்குப் பெயர் வைப்பார்களா? தெருவில் என்ன பேசுவார்கள்? நாராயணசாமி வீடும் உடைந்துவிட்டது என்பார்கள். தன் வீடு உடைந்தவனுக்கு அடுத்த வீடு உடைவதைப் போலச் சந்தோஷம் எதுவும் இல்லை. அவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

அவன் பேசிக்கொண்டே போனான். சந்தோஷம் வந்தால் மெதுவான ஆள்கூட நிறையப் பேசுகிறான்.

"மொதல்ல முசியே தொட்டியயே சரி பண்ணணும்ண்ணா. பிரான்சுலேர்ந்து வந்த பம்பு. அந்த ஊரு பின்னு நம்ம பிளக்குல போவலன்னு வெட்டிப்புட்டு நேரா லைன்ல முறுக்கி வச்சிருக்காரு. சுத்தி இருக்கிற டேப்பு உப்புல ஊறி கொழகொழன்னு ஆயிடுச்சி. ஞாயித்துக்கிழமை பிரிச்சி மாத்தப் போறேன்."

"ஜாக்கிரதைடா," என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். வெற்றியைக் கேளுங்கள்.

அந்தப் பம்புக்கு ஸ்விட்ச் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். அதே கட்டையில்தான் மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும். ஒருமுறை ரோஜே தொட்டியைக் கழுவுகிற நேரத்தில், கட்டை கழன்றிருக்கிறதே என்று வெற்றி அதைச் செருகிவிட்டுத் திட்டு வாங்கினான். நல்லவேளை, அப்போது ரோஜேவின் கை வெளியே இருந்தது. அதிலிருந்து ஒரு வழக்கம். தொட்டியில் கை வைப்பதற்கு முன் ரோஜே கட்டையைப் பிடுங்கி, தன் ராணுவத்துச் சிவப்பு பெரே தொப்பியை அந்தப் போர்டில் மாட்டிவிடுவார். பெரே தொங்கினால் யாரும் கிட்டே போகக்கூடாது. வேலை முடிந்ததும் பெரேவை அவரே எடுப்பார், கட்டையை அவரே போடுவார், பெரேவை நடையில் உள்ள ஆணியில் அவரே மாட்டுவார். ஹரிக்குக்கூட அந்த உரிமை கிடையாது.

அதற்கு முந்தின வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்து அணிவகுப்புக்குப் போய்விட்டு வந்து பெரேவை ஆணியில் மாட்டியிருந்தார். வெற்றி விளையாட்டாக அதை எடுத்துத் தலையில் வைத்து செல்ஃபி எடுத்தான். நடுத்தெருவில் வைத்துக் கன்னத்தில் விட்டார். மொத்தத் தெருவும் பார்த்தது. எனக்கு அன்று கோபம் வரவில்லை. இது எதற்காவது உதவும் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்து மணி இருக்கும். கீழே கத்தல் கேட்டது. நான் படியில் பாதி இறங்கி நின்றேன்.

"எங்கடா என் கிளாத்தி?"

"அம்மாவாசைகிட்ட குடுத்துட்டேன் முசியே. காலைல கடல்ல வுட்டுட்டாரு. இல்லன்னா மிச்சமிருக்கிற மூணும் பொழைக்காது முசியே."

"மேர்து! என் வூட்டுல வந்து என் மீன எடுக்கறதுக்கு நீ யாருடா? உன்னக் கொன்னு இதே தண்ணில மொதக்க வுட்டுருவன்டா!"

நான்கு வீட்டு ஜன்னல் திறந்தது. ரோஜேவின் குரல் ராணுவத்தில் பழகியது, அதற்குச் சுவர் ஒரு தடை இல்லை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் சாட்சிகள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். இதற்குப் பிறகு நடந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடந்தது.

திட்டிக்கொண்டே ரோஜே மாடிப்படிக்குக் கீழே வந்தார். கட்டையைப் பிடுங்கினார். ஆணியில் இருந்து பெரேவை எடுத்து போர்டில் மாட்டினார். ஹாலைப் பார்த்து, "ம்... இப்ப கைய வை, கழுத," என்று முனகிவிட்டு, பின்கட்டுக்குச் சிகரெட் பிடிக்கப் போய்விட்டார். போகிற வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது, ஒரு மீனுக்காக. கொன்றுவிடுவேன் என்று கத்திய அடுத்த நிமிஷமே அவன் சாகக்கூடாதே என்று கட்டையைப் பிடுங்குகிற மனிதர். அவரைப் போய்க் கொலைகாரர் என்கிறீர்கள்.

நான் இறங்கினேன். ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். ஹரி ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தான். இடது கை முழங்கைக்கு மேல் வரை தண்ணீரில். வலது கையில் பம்பின் ஒயர், டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். மூன்று குரோமிஸும் அவன் விரலைச் சுற்றிவந்தன. அவற்றிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். "இனிமே பயமில்லடி," என்று காதில் விழுந்தது. கடையில் மிச்சம் விழுந்த செக் துணிச் சட்டைதான் அவனும் போட்டிருந்தான். நானும் அதையேதான் போட்டிருந்தேன்.

மாடி டேங்கில் தண்ணீர் நிறைய இருந்தது. மோட்டார் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பெரே கனமே இல்லாதது. எடுத்தேன். கட்டையைச் செருகினேன். பெரேவை நடையில் உள்ள ஆணியில், பித்தளைச் சின்னம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினேன். ரோஜே அப்படித்தான் மாட்டுவார். உள்ளே பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் பெரிதாக எதுவும் இல்லை. ஸ்டூல் சரிந்தது மட்டும். வாசலில் காய்கறி வண்டி நின்றிருந்தது. போய்க் காலிஃபிளவர் பார்த்தேன். உள்ளே பூச்சி இருக்கிறதா என்று புரட்டிக்கொண்டிருந்தபோது ரோஜேவின் அலறல் வந்தது.

"எவன்டா கட்டைய போட்டது? எவன்டா போட்டது?"

முதலில் ஓடியது நான்தான். முதலில் அழுததும் நான்தான். ரோஜே ஹரியை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து நடையைப் பார்த்தார். ஆணியில் பெரே இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் கத்தவில்லை. தானே எடுத்து மாட்டிவிட்டு மறந்துவிட்டோமோ என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கோபக்காரர்களிடம் இது ஒரு சௌகரியம். தாங்கள் எதையும் செய்யக்கூடியவர்கள் என்று அவர்களே நம்புகிறார்கள்.

மிச்சத்தை நீங்கள் செய்தீர்கள். கொன்றுவிடுவேன் என்றார், தெருவே கேட்டது. பெரேவை அவரைத் தவிர யாரும் தொட முடியாது, தெருவே பார்த்தது. ஒரே மாலையில் கேஸ் முடிந்து காலாப்பட்டு ஜெயிலுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒருவராவது தொட்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தீர்களா? மீனுக்குத் தீனி போடச் சொல்லி என்னிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

ஹரிக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினோம். தேருக்குப் போனபோது எடுத்த படத்தைத்தான் போட்டோம், எல்லோரும் ஒரே சட்டையில். தெருவில் அதைப் பார்த்து அழாதவர் இல்லை. மாலா வந்து பேனருக்குக் கீழே வெகுநேரம் நின்றாள். போகும்போது தொட்டி இருக்கிற ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ரோஜேவின் அண்ணன் மகள் பிரான்சிலிருந்து போன் செய்து ஆளை அனுப்பி, பம்புக்கு ஒழுங்காக ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கிளாத்தி இல்லாத இந்தத் தொட்டியில் மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. நான் தினமும் சரியாகத் தீனி போட்டேன். கணக்குக் குறைந்ததற்கு என் மேல் பழி வேண்டாம்.

மாடியிலும் கொஞ்சம் மாறுதல். ஹரி போன பிறகு அவனுடைய மெஷினில் வெற்றியை உட்காரச் சொன்னேன். காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை. அவன் வெட்டுகிற காலர் சரியில்லை என்று இரண்டு வாடிக்கையாளர் முன்னால் சொன்னேன். உண்மையாகவே சரியில்லை. ஒருநாள் அவன் கத்திரிக்கோலை மேஜை மேல் வைத்தான்.

"ண்ணா, நான் கெளம்புறேன். கடலூர்ல மாமனாரு வூட்டாண்ட ஒரு கடை காலியாவுது."

"ஏன்டா, இன்னா கொறை வெச்சேன் உனக்கு?"

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல. ஹரி இருந்த வரைக்கும் எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

என்ன தெரியவில்லை என்று அவன் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு பஸ் ஏறிவிட்டான்.

பிறகு சுலோசனா. ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்றேன். பையை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்குக் காலைல டேங்கு நெறைஞ்சி வழிஞ்சிதுங்க. நான்தான் மேல போயி பாத்தேன். நீங்க எதுக்கு அந்தப் போர்டாண்ட நின்னீங்கன்னு இன்னி வரைக்கும் நான் கேக்கல. இனிமேலும் கேக்க மாட்டேன். நீங்க தனியாவே கூட்டமா இருங்க."

முப்பது வருஷத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பாதி எனக்குப் புரியவில்லை. பெண்கள் கிளம்பும்போது ஏதாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

ஆகவே இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், மேடம். ரோஜே மேல் இரக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆளுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. கத்துவார், கடிப்பார், தழும்பைக் காட்டுவார், பின்கட்டில் போய் அழுவார். இந்த வேலையை அவர் பெயரில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொத்தியது யார் என்றுகூடத் தெரியாமல் கிளாத்தியைக் கடலில் விடுகிற கூட்டமாகவே இந்த ஊர் கடைசி வரை இருந்துவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள். பெரேவை எடுத்தது நான். கட்டையைச் செருகியது நான். ஹரியின் கை தண்ணீரில் இருந்தது எனக்குத் தெரியும். கோபத்தில் செய்யவில்லை. அவன் பிரிந்து போயிருப்பான், அதனால் செய்தேன்.

உங்கள் முகம் ஏன் இப்படிப் போகிறது? தண்ணீர் வேண்டுமா? கான்ஸ்டபிளைக் கூப்பிடுங்கள், பரவாயில்லை, டீ ஆறியிருக்காது. கிளம்புவதற்கு முன் இதற்கு மட்டும் ஒரு சிட்டிகை தீனி போட்டுவிடுகிறேன். பாருங்கள், எவ்வளவு நிம்மதியாகச் சாப்பிடுகிறது. ஆறடித் தொட்டி முழுக்கத் தன்னந்தனியாகத் திரும்புகிறது, நிற்கிறது, மறுபடி திரும்புகிறது. இப்போதும் கூட்டத்தோடு நீந்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும், பாவம். மீனுக்கு அவ்வளவுதான் அறிவு.

ஜீப் எங்கள் கடை வழியாகத்தான் போகும். முடிந்தால் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், போர்டைப் பார்க்கலாம். 'த்ரீ பிரதர்ஸ்' என்றுதான் இன்னும் இருக்கிறது, ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை. இந்த ஊரில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். எங்களை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை.